சர்ப்பகந்தி: ஒரு வேரின் பெயர்களும் விடுபட்ட பதினெட்டு ஆண்டுகளும்

பெங்களூரின் வடகிழக்கே, குக் டவுனை ஒட்டி அமைந்துள்ள லிங்கராஜபுரம், பல மொழிகள் ஒரே தெருவில் புழங்கும் பகுதி. 1809இல் கன்டோன்மென்ட் உருவான காலந்தொட்டு நகரின் இப்பக்கத்தில் தமிழர் குடியேறி வந்துள்ளனர். கன்னடம், தெலுங்கு, உருது, மலையாளம் பேசுவோர் அவர்களுக்கு அண்டை வீட்டார். இத்தகைய இடத்தில் ஒரு மூலிகை ஒரே பெயரோடு நிற்பதில்லை. மனத்தை அடக்கும், உறக்கம் தரும், இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் என்று சொல்லப்படும் சர்ப்பகந்தி வேர் அதற்கு நல்ல சான்று. கன்னடத்தில் அது சர்ப்பகந்தி, சூத்திரநாபி, தெலுங்கில் பாதாளகந்தி, மலையாளத்தில் அமல்பொரி, அவில்பொரி, யுனானி மருத்துவத்தில் அஸ்ரோல், இந்தியில் சோட்டா சாந்த், தமிழ் மூலிகைப் பட்டியல்களில் சிவன் அமல்பொடி. தாவரவியலில் அதன் பெயர் ரவுவோல்ஃபியா செர்பென்டினா.

இவ்வேரைப் பற்றி இரண்டு கதைகள் வழக்கில் உள்ளன. ஒன்று, மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் இதுவே மருந்தென்று நம் முன்னோர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்துவிட்டனர், மேலைநாட்டார் அதைப் பின்னால் எடுத்துக்கொண்டனர் என்பது. மற்றொன்று, 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சிபா நிறுவனத்தின் வேதியியலாளர்கள் ரெசர்பினைப் பிரித்தெடுத்ததோடு இம்மருந்தின் வரலாறு தொடங்குகிறது என்பது. முதற்கதையை மேடைகளிலும் விளம்பரங்களிலும் கேட்கலாம். இரண்டாவதைப் பாடநூல்களில் காணலாம். ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றும் இவ்விரு கதைகளும் ஒரே பகுதியை விட்டுவிடுகின்றன. 1931 முதல் 1949 வரை தில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இந்திய வேதியியலாளரும் மருத்துவரும் செய்த பணியே அது. அதனை விட்டுவிட்டால், பழைய வழக்கு எது, புதிய அறிவு எது என்று பிரித்தறிய வழியில்லை.

பெயர்களிலிருந்து தொடங்குவது பயனுடையது. ஒவ்வொரு பெயரும் அச்செடி என்ன செய்யும் என்பது பற்றிய ஒரு கூற்றாகவும் இருக்கிறது. வடமொழியில் சர்ப்பகந்தா என்றால் பாம்பின் மணமுடையது என்று பொருள். பாம்பு இப்பெயருக்குள் வந்தமைக்குப் பல விளக்கங்கள் உண்டு: வேர் பாம்புபோல் நெளிந்திருப்பது; பாம்புக்கடிக்கு மருந்தாகக் கருதப்பட்டது; கீரி பாம்போடு சண்டையிடுமுன் இதைத் தின்னும் என்ற நம்பிக்கை. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்தா 1563இல் வெளியிட்ட நூலில் பாம்பு மரம் என்று விவரித்தவற்றுள் ஒன்று இச்செடியே என்று தாவர வரலாற்றாளர் கருதுகின்றனர். லின்னேயஸ் 1753இல் இதற்கு ஓஃபியாக்சிலோன் செர்பென்டினம் என்று பெயரிட்டார். அப்பெயரின் முதற்சொல் கிரேக்கத்தில் பாம்பு மரம் என்று பொருள்படும். இரண்டாம் சொல் இலத்தீனில் மீண்டும் பாம்பையே சுட்டும். ஐரோப்பியத் தாவரவியலுக்குள் நுழைந்தபோது இச்செடி பாம்புக்கடிக்குரிய செடியாகவே நுழைந்தது. மனத்தைத் தணிக்கும் செடியாக அன்று.

பேரினத்தின் பெயர் வந்த வழி வேறு. அது ஆக்ஸ்பர்க் நகர மருத்துவர் லெயோன்ஹார்ட் ரவுவோல்ஃப் என்பவரைச் சிறப்பிக்க வைக்கப்பட்டது. அவர் 1573 முதல் 1576 வரை சிரியா, பாக்தாத் பகுதிகளில் பயணம் செய்தவர், 1596இல் இறந்தார். இந்தியாவுக்கு வந்தவரல்லர். அவர் பெயரை 1703இல் ஓர் அமெரிக்கச் செடியினத்துக்குச் சூட்டியவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஷார்ல் ப்ளூமியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியச் செடியும் அவ்வினத்தைச் சேர்ந்தது என்று முடிவாகி, 1877இல் இன்றைய பெயர் அச்சேறியது. தான் காணாத செடிக்குத் தன் பெயரைத் தந்தவரானார் ரவுவோல்ஃப்.

தமிழ்ப் பெயரில்தான் மொழியியலார்க்குரிய செய்தி உள்ளது. சிவன் அமல்பொடி என்ற தொடரைக் கேட்பவர் அதைச் சிவபெருமானோடு இணைத்துக்கொள்வது இயல்பு. கழுத்தில் பாம்பணிந்த கடவுளுக்கும் பாம்புச் செடிக்கும் பொருத்தம் காண்பது எளிது. ஆயினும் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ் நூலில் இச்செடியின் மலையாளப் பெயர் டச்சு ஒலிப்பெயர்ப்பில் தரப்பட்டுள்ளது. அதைத் தமிழெழுத்தில் எழுதினால் சொவன்ன அமெல்பொடி என்றாகும். சுவன்ன என்பது மலையாளத்தில் சிவந்த என்னும் பொருளது. இச்செடியின் பூவிதழ் வெளுத்திருப்பினும் பூங்காம்பும் புல்லிவட்டமும் நன்கு சிவந்திருக்கும். எனவே செவ்வமல்பொடி என்பது காட்சிக்குப் பொருந்திய பெயர். தமிழ்ப் பட்டியல்களில் உள்ள சிவன், இந்தச் சுவன்ன என்ற அடைமொழி மருவியதாதல் வேண்டும் என்று கொள்ள இடமுண்டு. அவ்வாறாயின் அது தமிழ் மருத்துவ மரபில் விளைந்த தொன்மையான பெயரன்று; மலையாள வழக்கிலிருந்து தாவர நூல்களின் வழியே தமிழ்ப் பட்டியலுக்குள் வந்து, பின்னர் சமயச் சாயல் பெற்ற பெயர். ஒரு பெயர் பழமையாகத் தோன்றுவதாலேயே அது குறிக்கும் வழக்கமும் அம்மொழியில் பழமையானது என்று முடிவு செய்யலாகாது.

இதே எச்சரிக்கை பழைய மருத்துவ நூல்களுக்கும் பொருந்தும். சரகம், சுசுருதம் ஆகிய தொகுப்புகளில் சர்ப்பகந்தா என்ற பெயர் பெரிதும் நஞ்சுமுறிவு சார்ந்த இடங்களிலேயே எடுத்துக்காட்டப்படுகிறது. அப்பெயர் குறித்த செடி இன்றைய செடியேதானா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இரத்தக் கொதிப்பைப் பொறுத்தவரை ஐயத்துக்கே இடமில்லை. மேற்கையில் பட்டை கட்டிக் குருதியழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896இல்தான் அறிமுகம் செய்தார். ஒலி கேட்டு அளக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ் 1905இல் தந்தார். அளக்கவே வழியில்லாத காலத்தில் குருதியழுத்தம் குறைந்ததென்று எந்த நூலும் சொல்லியிருக்க முடியாது. சித்த மருத்துவம் மனநோய்களைக் கிரிகை என்னும் தலைப்பில் பதினெட்டு வகையாகப் பேசுகிறது. மனநோய் பற்றிய விரிவான சிந்தனை தமிழில் இருந்தது என்பதற்கு அது சான்று. இவ்வேரே அதற்கு மருந்தாக இருந்தது என்பதற்கு அதுவே சான்றாகிவிடாது.

மனநோய்க்கு இவ்வேரைப் பயன்படுத்திய வலுவான வழக்கு இருந்தது பீகார், வங்காளம், ஐக்கிய மாகாணப் பகுதிகளின் மக்கள் மருத்துவத்தில். பீகாரில் இதன் பொடி பாகல் கி தவா, அதாவது பைத்தியத்துக்கான மருந்து, என்ற பெயரிலேயே விற்கப்பட்டது. அழும் குழந்தைகளை உறங்க வைக்கவும் இது தரப்பட்டது. இந்தியிலும் வங்காளத்திலும் நிலவின் பெயர் இச்செடிக்கு வாய்த்தமைக்கு, நிலவையும் பித்தையும் இணைத்துப் பார்க்கும் நம்பிக்கை காரணமாகலாம். இந்த அறிவுக்கு ஆசிரியர் பெயரில்லை. சுவடியில் எழுதப்படாத, வேரைத் தோண்டியவரும் விற்றவரும் வீட்டில் அரைத்துக் கொடுத்தவரும் காத்துவந்த அறிவு அது. முன்னோர் என்ற சொல் இவர்களைச் சுட்டுமாயின் முதற்கதை ஓரளவு உண்மையாகும். ஆனால் அக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் முனிவர்களையே முன்னோராக எண்ணுகின்றனர்.

1931ஆம் ஆண்டு இவ்வழக்கு இரண்டு வாயில்கள் வழியே அறிவியலுக்குள் வந்தது. தில்லி ஆயுர்வேத யுனானி திப்பியா கல்லூரியில் பணிபுரிந்த சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் இவ்வேரிலிருந்து பல ஆல்கலாய்டுகளைப் பிரித்து, இந்திய வேதியியல் கழக இதழில் வெளியிட்டனர். கல்லூரியை வளர்த்தெடுத்து 1927இல் மறைந்த ஹகீம் அஜ்மல் கான் நினைவாக அவற்றுள் சிலவற்றுக்கு அஜ்மலின், அஜ்மலிசின் என்று பெயர் வைத்தனர். இதயத்துடிப்பின் சீர்கேட்டுக்கு அஜ்மலின் பிற்காலத்தில் மருந்தாயிற்று. புருகாடா நோய்க்குறி என்னும் மரபுவழி இதயக் கோளாற்றை வெளிக்கொணரும் சோதனையில் இன்றும் அது பயன்படுகிறது. ஒரு யுனானி ஹகீமின் பெயர் உலகின் இதயநோய்ப் பிரிவுகளில் நாள்தோறும் உச்சரிக்கப்படுகிறது. அது யாருடைய பெயர் என்பதை உச்சரிப்பவர் அனைவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அதே 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், மனநோய்க்கும் உயர் குருதியழுத்தத்துக்கும் உரிய புதிய இந்திய மருந்து என்று இவ்வேரை அறிமுகப்படுத்திக் கட்டுரை எழுதினர். நாளுக்கு இருவேளை, வேளைக்கு 20 முதல் 30 கிரெயின் பொடி கொடுத்தால் நோயாளி அமைதியடைவதோடு குருதியழுத்தமும் குறைகிறது என்பது அவர்களது கண்டறிதல். கட்டுரைத் தலைப்பில் அவர்களே புதிய என்ற சொல்லை இட்டதைக் கருத வேண்டும். பைத்தியத்துக்கான மருந்து என்ற பழைய வழக்கை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அழுத்தமானியை நோயாளியின் கையில் கட்டியதால், மரபு அறியாத இரண்டாவது பயனைக் கண்டனர். 1933இல் ராம்நாத் சோப்ராவும் குழுவினரும் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிலிருந்து விலங்குச் சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டனர். 1934இல் ஹிமாலயா நிறுவனம் இவ்வேரைச் செர்பினா என்ற மாத்திரையாகச் சந்தைக்குக் கொணர்ந்தது. பர்மாவில் முரண்டுபிடித்த யானைகளுக்கு ஒரு வேரைக் கொடுத்து அடக்கியதை நிறுவனர் மனால் கண்டதே இதற்குத் தூண்டுதல் என்பது அந்நிறுவனம் சொல்லும் கதை. டேராடூனில் தோன்றிய அந்நிறுவனம் 1975இல் பெங்களூரில் ஆலை அமைத்து இந்நகரத்துக்குரியதாயிற்று.

இந்தப் பணிகள் இந்திய இதழ்களுக்குள்ளேயே தங்கிவிட்டன. எல்லை கடந்தது 1949இல்தான். பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளிடம் இவ்வேரைச் சோதித்துப் பார்த்த முடிவுகளைப் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் இதழில் வெளியிட்டார். அதைப் படித்த பாஸ்டன் நகர மருத்துவர் ராபர்ட் வில்கின்ஸ் தம் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். அழுத்தம் குறைந்ததோடு, அவர்கள் உறங்கி வழியாமலேயே பதற்றம் நீங்கியிருந்தது அவருக்கு வியப்பளித்தது. 1952இல் பாசலில் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவரும் ரெசர்பினைப் பிரித்து, வேரின் தணிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி அதற்குரியது என்று காட்டினர். 1956இல் ராபர்ட் உட்வர்டு குழுவினர் அதை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்தெடுத்தனர். பாடநூல் கதை தொடங்கும் 1952க்கு முன்னரே வேரின் வேதியியலும் மருந்தளவும் இரு பயன்களும் இந்தியாவில் எழுதப்பட்டுவிட்டன. சிபா நிறுவனத்தின் சாதனை உண்மையானது. எனினும் அது நெடுந்தொடரில் ஒரு கண்ணியே.

அடுத்து நிகழ்ந்தது சொல்லின் பிறப்பு. 1953இல் சிபாவின் மருந்தியலாளர் யாங்க்மன், ரெசர்பினின் விளைவைச் சொல்ல டிராங்குவிலைசிங் என்ற சொல்லை ஆண்டார். உறக்க மருந்து போல் மயக்காமல் அமைதிப்படுத்துவது என்பது அவர் கருதிய பொருள். அதன் வழியே டிராங்குவிலைசர் என்பது மருந்து வகையொன்றின் பெயராயிற்று. இச்சொல்லுக்கு முன்வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ், மனநோயாளியின் கைகால்களைக் கட்டித் தலையைப் பெட்டிக்குள் அடைக்கும் நாற்காலிக்கு இட்ட பெயரும் டிராங்குவிலைசரே. தமிழில் இன்று அமைதியூட்டி என மொழிபெயர்க்கும் சொல்லுக்குள் அமைதியும் உண்டு, அடக்குதலும் உண்டு. யானைக்கும் அழும் குழந்தைக்கும் கட்டுக்கடங்காத நோயாளிக்கும் ஒரே வேர் கொடுக்கப்பட்ட வரலாற்றில், அமைதி யாருக்கு வேண்டியிருந்தது என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

அக்காலத்து மனநோய் மருத்துவமனைகளின் நிலையை அறிந்தால்தான் இவ்வேரின் ஈர்ப்பு விளங்கும். பெங்களூர் மனநோய் மருத்துவமனையிலும் உலகின் பிற இடங்களைப் போலவே இன்சுலின் மயக்கம், கார்டியசோல் வலிப்பு, மூளை அறுவை ஆகியவை கையாளப்பட்டன. 1954இல் அம்மருத்துவமனையை ஒட்டி அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது, எம். வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர். 1974இல் அதுவே நிம்ஹான்ஸ் ஆயிற்று. நிறுவனம் தொடங்கிய அதே 1954இல், நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் மருத்துவமனையிலிருந்து நேதன் க்ளைன், மனநோயாளிகளிடம் இவ்வேரையும் ரெசர்பினையும் சோதித்த முடிவுகளை வெளியிட்டார். பிரான்ஸில் 1952இல் மனநோய்க்கு அறிமுகமான குளோர்ப்ரோமசினும் ரெசர்பினும் சேர்ந்தே மனநோய் மருத்துவத்தை மருந்துகளின் பக்கம் திருப்பின. 1957ஆம் ஆண்டின் லாஸ்கர் விருதில் க்ளைனோடு வக்கீலும் இடம்பெற்றார்.

ரெசர்பினின் மிகப் பெரிய கொடை ஒருவகையில் மருந்தாக அன்று, ஆய்வுக் கருவியாக வந்தது. நரம்பணுக்கள் செரோடோனின், நோரட்ரினலின், டோபமின் ஆகியவற்றைச் சிறு பைகளில் சேமிக்கின்றன. ரெசர்பின் அச்சேமிப்பைத் தடுத்துவிடுகிறது. சேமிக்கப்படாதவை சிதைந்துபோகின்றன. மூளையின் செரோடோனின் இருப்பு ரெசர்பினால் வற்றுவதை 1955இல் பிராடி குழுவினர் காட்டினர். 1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா கொடுத்து எழுந்து நடமாடச் செய்தார். பார்க்கின்சன் நோயின் இன்றைய மருத்துவத்துக்கு வழி திறந்தது அச்சோதனை. 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. பீகார்ச் சந்தையின் பொடியிலிருந்து இந்த முயல்கள் வரை உள்ள தொடர்ச்சியைத் தொன்மை என்ற ஒற்றைச் சொல்லாலும் கண்டுபிடிப்பு என்ற ஒற்றைச் சொல்லாலும் விளக்கிவிட முடியாது.

சரிவும் விரைவில் வந்தது. குருதியழுத்தத்துக்காக ரெசர்பின் உட்கொண்டவர் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாயினர் என்ற செய்திகள் 1950களிலேயே வெளிவந்தன. மனச்சோர்வு மூளை வேதிப்பொருள்களின் குறைவால் விளைகிறது என்ற கொள்கைக்கு இவை தூண்களுள் ஒன்றாயின. எனினும் 1955இல் இலண்டனில் டேவிஸும் ஷெப்பர்டும் நடத்திய ஒப்பீட்டுச் சோதனையில், பதற்றமும் சோர்வும் கலந்த நோயாளிகள் ரெசர்பினால் நலம்பெற்றதாகவே முடிவு வந்தது. மனச்சோர்வுத் தொடர்பின் வலுவைப் பிற்கால மறுஆய்வுகளும் கேள்விக்குட்படுத்தின. 1974இல் மார்பகப் புற்றுநோயோடு இம்மருந்தைத் தொடர்புபடுத்திய ஆய்வுகள் வெளிவந்து அச்சத்தைப் பரப்பின. அத்தொடர்பும் பின்னர் உறுதிப்படவில்லை. ஆயினும் மருந்து ஒதுக்கப்பட்டது. இந்தியாவில் டைஹைட்ரலசினோடு ரெசர்பின் கலந்த அடெல்பேன் மாத்திரை மட்டும் நெடுங்காலம் முதியோரின் மருந்துப் பெட்டிகளில் இடம்பெற்றிருந்தது.

செடிக்கு நேர்ந்தது வேறு. 1950களின் தேவை காட்டு வேர்களைத் தோண்டித் தீர்த்தது. வேரே மருந்தாதலால் ஒவ்வோர் அறுவடையும் ஒரு செடியின் மரணம். இந்தியா வேர் ஏற்றுமதியைத் தடைசெய்தது. மருந்து நிறுவனங்கள் ஆப்பிரிக்கச் சர்ப்பகந்தி இனத்தின் பக்கம் திரும்பின. 1990இல் இந்தியச் செடி பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. கடையில் சர்ப்பகந்தி என்ற பெயரில் கிடைப்பது வேறு வேராக இருக்கும் வாய்ப்பு இதனால் கூடியது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து தமிழகத்தில் பரவிய ரவுவோல்ஃபியா டெட்ராஃபில்லா, தமிழில் பாம்புக்களா எனப்படுவது, இவ்வாறு கலக்கப்படும் இனங்களுள் ஒன்று. அதிலும் ரெசர்பின் உண்டு. அளவும் துணைப்பொருள்களும் வேறு.

பெயர் பற்றிய ஆய்வு மருத்துவப் பொருளுடையதாவது இங்கேதான். சென்னும் போஸும் சொன்ன நாளளவு 40 முதல் 60 கிரெயின். அதாவது ஏறத்தாழ 2.6 முதல் 3.9 கிராம். அமெரிக்க மருந்து நூல் வேருக்கு வரையறுத்த குறைந்தபட்சச் செறிவான 0.15 விழுக்காட்டைக் கொண்டு கணக்கிட்டால், அதில் ரெசர்பின் வகை ஆல்கலாய்டுகள் 4 முதல் 6 மில்லிகிராம் வரை இருக்கும். குருதியழுத்தத்துக்கு இக்காலத்தில் ஏற்கப்பட்ட ரெசர்பின் நாளளவோ 0.1 முதல் 0.25 மில்லிகிராம். இடைவெளி குறைந்தது பதினைந்து மடங்கு. மனநோயாளியை அடக்கிய அளவும் குருதியழுத்தத்தைத் தணிக்கும் அளவும் ஒன்றல்ல. பாகல் கி தவா என்ற பெயரும் இரத்தக் கொதிப்பு மருந்து என்ற பெயரும் ஒரே வேருக்கு உரியன எனினும், அவை வெவ்வேறு அளவுகளின் பெயர்கள். மூலிகை என்பதால் கேடில்லை என்று நம்பி, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையோடு இப்பொடியையும் சேர்த்து உட்கொள்பவருக்கு அழுத்தம் அளவுக்கு மீறித் தாழலாம், நாடித்துடிப்பு மந்தமாகலாம். மனச்சோர்வு, வயிற்றுப்புண், பார்க்கின்சன் நோய் உடையோர் இதனைத் தவிர்க்க வேண்டும் என்பது மருந்தியலின் நிலையான எச்சரிக்கை.

விடுபட்ட பதினெட்டு ஆண்டுகள் கற்பிப்பதும் இதுவே. மக்கள் வழக்கை இகழாமல் எடுத்துக்கொண்டு, எந்தச் செடி, எந்த உறுப்பு, எவ்வளவு, யாருக்கு, எதற்கு என்று கேட்டவர்கள் அக்காலத்து ஆய்வாளர்கள். ஹகீமின் கல்லூரியில் வேதியியலும், ஆயுர்வேதப் பயிற்சி பெற்ற கணநாத் சென்னின் நோயாளிகளிடம் அழுத்தமானியும் ஒன்றாக இயங்கின. மரபைப் போற்றுவதாகச் சொல்லும் கதையும் அறிவியலைப் போற்றுவதாகச் சொல்லும் கதையும் அவர்களையே மறந்துவிட்டன. லிங்கராஜபுரத்தின் ஒரு தெருவில் ஐந்து மொழிகளில் ஐந்து பெயரால் கேட்கப்படக்கூடிய வேருக்கு இன்று தேவைப்படுவது ஆறாவது புகழ்மொழி அன்று. அவர்கள் எழுப்பிய அந்த ஐந்து கேள்விகளே.